வெள்ளைக்கு ஆகாத ஊர்

ஜொகூரின் பெக்கான் நானாஸில் வெள்ளைத் துணிக்குக் கிடைப்பது சுற்றுப்பயண விசா மட்டும்தான். கொஞ்ச நாள் தங்கலாம், படம் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் இருக்க ஆசைப்பட்டால் ஊரின் நிறத்துக்கு மாறிவிட வேண்டும். ஊரின் நிறம் எதுவென்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையில் வந்தால் போதும். பெரிய அன்னாசிப்பழச் சிலை ஒன்று கொண்டையோடு நின்று பதில் சொல்லும். அன்னாசிக்கென்று தனியாக அருங்காட்சியகமே வைத்திருக்கும் ஊர் இது. மஞ்சளுக்கு இவ்வளவு மரியாதை செய்யும் இடத்தில் வெள்ளை ஒதுங்கிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

என் வேட்டியைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தமிழ்க் குடும்பங்களில் சில விஷயங்களைக் குழந்தைகள்தான் சொல்லும். ‘என் குடும்பம்’ என்று பள்ளியில் படம் வரையச் சொன்னபோது, என் மகள் அம்மாவின் சேலைக்குச் சிவப்பும் பாட்டியின் சேலைக்குப் பச்சையும் பூசிவிட்டு, அப்பாவின் வேட்டிக்கு மட்டும் கிரையோன் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி ஓர் இளமஞ்சளை எடுத்துப் பூசியிருந்தாள். காகிதத்தை அப்படியே விட்டிருந்தால் வெள்ளையாகவே இருந்திருக்கும், மெனக்கெட்டிருக்கிறாள். ஆசிரியை முழு மதிப்பெண் போட்டிருந்தார். பார்த்ததைப் பார்த்தபடி வரைவதுதான் பாடமாம்.

அந்தச் சமயம் பார்த்து என் மச்சான் மகளுக்கு ஜொகூர் பாருவில் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டு ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று மேலிடம் தீர்மானித்துவிட்டது. “என்னங்க, உலகத்துல இருக்குற எல்லாத்தப் பத்தியும் எழுதுறீங்க. இந்த ஒரு வேட்டிய வெளுக்க வைங்க பாப்போம்” என்றாள் வீட்டுக்காரி. பத்திரிகைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சவால் வராது.

முதலில் குற்றவாளி யார் என்று பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் நிறைய இடங்களில் காலுக்குக் கீழே இருப்பது சாதாரண மண் இல்லை. தானா கம்புட் என்று மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாருமே சொல்லும் சதுப்புக் கரிமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் நீரில் மூழ்கிக் கிடந்து, காற்றுப் படாததால் முழுதாக மக்கவும் முடியாமல், பாதியிலேயே நின்றுபோன மண். அதன் அமிலத்தைக் காட்டும் pH அளவு 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கும். பெரும்பாலான பயிர்கள் அந்தப் புளிப்பைப் பார்த்ததும் ஓடிவிடும். அன்னாசி ஓடவில்லை. ஊர் பிறந்த கதையே அதுதான். 1957-இல் அன்னாசித் தொழிலுக்கென்று தனி வாரியம் வந்தது. 1996-இல் மார்டி என்ற வேளாண் ஆய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஜொகூர் ரகத்தையும் சரவாக் ரகத்தையும் கலந்து ஜோசபைன் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். பழத்துக்கு இவ்வளவு செய்தார்கள். அதே மண்ணில் குடியிருக்கும் பனியனைப் பற்றி எந்த வாரியமும் கூடிப் பேசவில்லை.

கரிமண் காட்டில் வெட்டிய பாரிட் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தால், கோப்பையில் மொண்டு கொஞ்சம் சீனி போட்டால் போதும், தே ஓ என்று விற்றுவிடலாம். மக்கிய இலைகளின் சாறு அது. எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு வெளிப்படையானது இல்லை. பம்பிலிருந்து விழும்போது பளிங்கு மாதிரிதான் இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் நிற்கட்டும், சுயரூபம் தெரியும். மண்ணுக்கடியில் காற்றில்லாத இடத்தில் இரும்பு கரைந்து, நிறமே இல்லாமல் ஒளிந்திருக்கும். வெளியே வந்து காற்றைச் சுவாசித்ததும் துருவாக மாறிவிடும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர். அதற்குப் பில் வருகிறது. துவைக்கக் கிணற்றுத் தண்ணீர். அதற்குப் பில் வராது. அந்தப் பில்லை வேட்டி கட்டிக்கொண்டிருந்தது.

செய்தி வெளியே போனதும் ஆலோசனைகள் வரத் தொடங்கின. நோய்க்கு மருந்து சொல்வதற்காவது சிலர் தயங்குவார்கள். கறைக்கு மருந்து சொல்லத் தயங்கிய மனிதரை நான் சந்தித்ததில்லை.

முதலில் வந்தது வீட்டுக்குள்ளிருந்தே. “மாப்ள, இதுக்குப் போயி மண்டையப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க. நீலம் போடுங்க” என்றார் மாமியார். அவர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். நீலக் கட்டியைத் துணியில் முடிந்து வாளியில் மூன்று சுற்று சுற்றினால் உலகத்தின் எந்த அழுக்கும் தலைகுனியும் என்பது அவர் சித்தாந்தம்.

நீலத்தின் பூர்வீகம் ராஜ வம்சம் என்பது பலருக்குத் தெரியாது. ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்துத்தான் ஒரு காலத்தில் அந்த நிறத்தை எடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் அதைத் தங்கத்துக்குச் சமமாக வைத்து எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். இதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்கு பரிசு என்று 1824-இல் பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828-இல் கிமே என்பவர் பரிசைத் தட்டிச் சென்றார். விலை சரிந்தது. மாதாவின் அங்கியைத் தீட்டிய நிறம் மாமியாரின் வாளிக்குள் வந்து சேர்ந்தது.

நீலம் அழுக்கை எடுப்பதில்லை, மஞ்சளை மறைக்கிறது. மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று ஈடுகட்ட, கண் அதை வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. அளவு தாண்டினால் ஏற்றுக்கொள்ளாது. 2019 நவம்பரில் தஞ்சோங் பியாய் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. பெக்கான் நானாஸ் அந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது. அந்த நேரத்தில் எங்கள் பெரியப்பா ஒருவர், பெரியம்மா தாராளமாக நீலம் போட்ட வேட்டியோடு கோயிலுக்குக் கிளம்பினார். வழியில் நீலக் கொடிக்காரர்கள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். சிவப்புக் கொடிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாமி கும்பிடப் போனவர், தான் எந்தப் பக்கம் என்று தெரியாமலேயே வீடு திரும்பினார்.

இரண்டாவது ஆலோசனை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. பக்கத்து வீட்டு மக்சிக் ஆப்பச் சோடாவும் சூக்கா எனும் வினிகரும் கொண்டுவந்து தந்தார். இரண்டையும் வாளியில் சேர்த்ததும் ஒரு பொங்கல் பொங்கியதே, பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். சோடா காரம், சூக்கா புளிப்பு. தனித்தனியாக இருந்தால் இரண்டுமே உருப்படியாக ஏதாவது செய்யும். சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, ஆரவாரம் அடங்கியபின் வாளியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். கூட்டணி அரசாங்கங்களைப் பார்த்துப் பழகிய மலேசியர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, மளிகைக் கடைக்கார ஆண்டி. “அங்கிள், இத ஊத்து லா. எல்லாம் போயிடும்” என்று பிளீச் பாட்டிலை நீட்டினார். எல்லாம் போயிடும் என்பதில் துணியும் சேர்த்தி என்பதை அவர் சொல்லவில்லை. மாமியார் அதை வாங்கி, யாரையும் கேட்காமல், கிணற்றுத் தண்ணீரில் ஊறிய என் பனியன்கள் மீது ஊற்றிவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால் பனியனில் ஜொகூர் வரைபடம். குளுவாங்கும் மூவாரும்கூட அடையாளம் தெரிந்தன.

இதில் மாமியார் மீது குற்றமில்லை. ஒளிந்திருக்கும் இரும்பைத் துருவாக மாற்றக் காற்றுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். குளோரினுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. கரைந்திருந்த இரும்பை அந்த இடத்திலேயே துருவாக்கி நூலுக்குள் உட்கார்த்திவிடும். அக்குளில் டியோடரண்டின் அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து உண்டாக்கும் மஞ்சளும் குளோரின் பட்டால் இன்னும் அழுத்தமாகும். வெளுக்க வந்தவன் கறைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான்.

அடுத்த வாளியைத் தயார் செய்யும்போது மாமியார் ஒரு கையில் பிளீச்சும் மறு கையில் மக்சிக் தந்த சூக்காவுமாக வந்தார். “ரெண்டும் நல்லதுதானே மாப்ள, சேத்தே ஊத்திடுவோம்.” நான் பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். முதல் உலகப் போரில் மனிதர்களைக் கொல்ல விட்ட வாயு அந்தக் குளோரின். வேட்டி பழுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்; குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பாட்டிலைச் சேர்க்காதீர்கள்.

நான்காவது என் மச்சான். ஊர்ப்பற்று மிகுந்தவர். “அன்னாசி ஊர்ல உக்காந்துகிட்டு வெளியூர்ச் சாமான் தேடுறீங்களே, அத்தான்!” என்றார். அவர் வாதத்தில் சாரம் இருந்தது. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தைச் சிதைக்கும். இறைச்சியை மெதுவாக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். நொதியைக் கொண்டு துணி துவைப்பதும் புதுசு இல்லை. 1913-லேயே ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சலவைத் தூளில் சேர்த்துவிட்டார். போதாக்குறைக்கு அன்னாசியில் சிட்ரிக் அமிலமும் உண்டு. அது இரும்பைப் பிடித்து இழுக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் அன்னாசிச் சாறு பரிபூரணமான சலவைத் திரவம். மச்சான் விட்டுவிட்டது ஒன்றே ஒன்று: சர்க்கரை. அவருடைய வெள்ளை டி-சட்டையைக் கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் அது கறுப்பு டி-சட்டையாகி, மெல்ல நகரவும் தொடங்கியது. எறும்புகள். பழச்சாறு பட்ட இடம் பின்னால் பழுப்பாக மாறியதைப் பார்க்க எறும்புகள்கூட நிற்கவில்லை.

ஐந்தாவது ஜொகூர் பாருவிலிருக்கும் மைத்துனி. அவள் தொலைபேசியிலேயே சிகிச்சை பார்ப்பவள். ‘ஆக்ஸி’ என்று பெயர் போட்ட டப்பாவின் படத்தை அனுப்பி, கூடவே ஒரு வரி: “அத்தான், அம்மா பேச்சக் கேக்காதீங்க.” இந்த ஆலோசனை வேட்டியைத் தாண்டியும் செல்லுபடியாகக்கூடியது. ஆனால் மாமியார் அதை எட்டிப் பார்த்துவிட்டார். “டப்பால வர்றதெல்லாம் மருந்தா? எங்கம்மா ஊருல வெள்ளாவி வெப்பாங்களாம். அதுக்கு முன்னாடி இதெல்லாம் நிக்குமா?” என்று ஆரம்பித்தார்.

வெள்ளாவிக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டு வண்ணார்கள் உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியை முக்கி, கொதிக்கும் பானையைச் சுற்றி அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றில் அடித்து அலசி, ஈரத்தோடு வெயிலில் விரிப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடா காரம். சூடு, காரம், வெயில் என்று மூன்று ஆயுதம். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் சென்னை வண்ணாரப்பேட்டை. கடல் தாண்டி வந்த இடத்திலும் நம்மவர்கள் துறை அமைத்தார்கள். பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் ஓர் இடத்தை இன்றும் வண்ணாந்துறை என்பார்கள். சிங்கப்பூரில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துவைத்துக் காயப்போட்ட இடத்தில் 1987-இல் ரயில் நிலையம் வந்தது. தோபி காட் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. இன்றைக்கு அங்கே மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. காலை நெரிசலில் கசங்கிப்போகும் ஆயிரக்கணக்கான வெள்ளைச் சட்டைகளைத் துவைக்க அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஐரோப்பாவும் இதே பாடுதான் பட்டது. ஹாலந்தில் ஹார்லெம் பக்கத்து வெளுப்பாளர்கள் லினன் துணியைக் காரநீரில் அவித்து, மோரில் ஊறப்போட்டு, புல்வெளியில் விரித்து வைப்பார்கள். ஒரு துணி வெளுத்து வர மாதக்கணக்காகும். மோர்! நம் வீட்டில் விருந்தாளி கேட்டால்கூட யோசித்துத் தண்ணீர் கலக்கும் பொருளை அவர்கள் மேசை விரிப்புக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். 1756-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலம் போதும் என்று காட்டினார். மோர் வாரக்கணக்கில் செய்த வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. 1774-இல் வேதியியலாளர் ஷீலே குளோரினைக் கண்டார். 1785-இல் இன்னொரு வேதியியலாளர் பெர்த்தொலே அது துணியை வெளுக்கும் என்றார். 1799-இல் டெனன்ட் என்பவர் அதைத் தூளாக்கிக் காப்புரிமை வாங்கினார். மோரும் புல்லும் விடுதலை பெற்றன. பனியனில் ஜொகூர் வரைபடம் வரைய வழி பிறந்தது.

மைத்துனி சொன்ன டப்பாவை வாங்கிவந்து திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் போட்டால் அது இரண்டாகப் பிரியும். ஒன்று சோடா காரம். இன்னொன்று ஹைட்ரஜன் பெராக்சைடு, கறையைத் தாக்கும் ஆக்சிஜனைத் தருவது. “அத்தை, இது உங்கம்மா ஊரு உவர்மண்ணுதான். கூடக் கொஞ்சம் ஆக்சிஜன் சேத்துப் பிளாஸ்டிக் டப்பால அடைச்சிருக்காங்க” என்றேன். மாமியார் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். “அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?” என்று அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அது அவர் கண்டுபிடிப்பு.

இந்த வீட்டில் வேட்டிக்கு மட்டுமா வெளுப்பு வேண்டும்? பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் மலேசிய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு ஒரு தனிப் பதற்றம் உண்டு. எங்கள் தலைமுறையில் அது வெள்ளைக் காலணி. தேய்த்துக் கழுவி, வெள்ளை மை பூசி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் சாய்த்து வைத்து, காயாவிட்டால் விசிறியின் கீழ் வைத்து, அதற்கும் காயாவிட்டால் ஈரக் காலணியோடு சபைகூடலில் நின்று, நடந்த வழியெல்லாம் வெள்ளைச் சொட்டுப் போட்டவர்கள் நாங்கள். 2018-இல் அப்போதைய கல்வியமைச்சர் மஸ்லி மாலிக், இனிக் காலணி கறுப்பு என்று அறிவித்தபோது நாடே கேலி செய்தது. நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா என்று காப்பிக்கடைகளில் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காலணி கழுவியவர்கள் யாரும் காப்பிக்கடையில் இல்லை. அவர்கள் வீட்டில் ஓசைப்படாமல் அமைச்சருக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சட்டை வெள்ளையாகவே நின்றுவிட்டது. வளரும் பிள்ளைகள், பந்தடிக்கும் திடல், தினசரி பெய்யும் மழை, கறி ஊற்றிய நாசி லெமாக். இத்தனையும் உள்ள நாட்டில் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை என்று தீர்மானித்தவர், சத்தியமாகத் தன் சட்டையைத் தானே துவைத்தவர் இல்லை.

சரி, வெளுத்ததா இல்லையா? செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ரகசியம் எதுவுமில்லை, வரிசை ஒன்றுதான் முக்கியம். எங்கள் மாதிரி இரும்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் முதலில் இரும்பை வெளியேற்ற வேண்டும். ரொட்டி செய்யும் சாமான் விற்கும் கடையில் சிட்ரிக் அமிலம் மலிவாகக் கிடைக்கும். ஐந்து லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, ஒரு மணி நேரம் துணியை ஊறவைத்து, நன்றாக அலச வேண்டும். சர்க்கரையும் எறும்பும் இல்லாத அன்னாசி அது. மச்சானின் கொள்கைக்கும் இப்படி ஒரு மரியாதை. இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக ஆக்ஸி போட்டால், துருத் துகள் இருக்கும் இடத்தில் பெராக்சைடு வெறிகொண்டு வேலைசெய்து நூலையே அரித்துவிடும்.

அடுத்தது வெள்ளாவியின் பேரப்பிள்ளை. கை பொறுக்காத சூட்டில், 60 பாகை இருந்தால் உத்தமம், ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீர். அதில் இரண்டு மேசைக்கரண்டி பெர்கார்பனேட். சில மணி நேரம் ஊறட்டும். ரொம்பப் பழைய மஞ்சள் என்றால் இரவெல்லாம். பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்பக் கூடாது. சூடு இல்லாமல் அது சோம்பேறி. பட்டு வேட்டியை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது, கம்பளியையும்தான். சட்டைக் கழுத்தில் இருப்பது உடம்பு எண்ணெய். முன்கூட்டியே பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவித் தேய்த்துவிட்டால் பாதி வேலை முடியும். சவுக்காரத் தூளை அள்ளிக் கொட்டுவதால் வெளுப்பு கூடாது. நம்மவர்களுக்கு நுரை பொங்கினால்தான் திருப்தி. அலசியும் போகாத அந்தத் தூள் நூலில் ஒட்டிக்கொண்டு அடுத்த அழுக்கை வா வா என்று அழைக்கும். மெதுவாக்கி மணக்கவைக்கும் திரவமும் அப்படித்தான் படியும். கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. பிறகு வெயில். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே குடியிருக்கிறோம். வெயிலுக்குப் பில் அனுப்பும் நிறுவனம் இன்னும் பிறக்கவில்லை. மதியத்துக்குமேல் மழை வரும், அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்தேன். வேட்டி வெளுத்தது. ஆனால் கடையில் பிரித்தபோது இருந்த வெள்ளை வரவில்லை. அது எங்கே போனது என்று தோண்டியபோதுதான் உண்மை தெரிந்தது: அந்த வெள்ளை ஒருநாளும் பருத்தியினுடையதாக இருந்ததில்லை. பருத்தியின் சொந்த நிறம் காடாத் துணியின் நிறம், மங்கிய தந்தம். நெய்து வெளுத்து வரும் துணிக்கு ஆலையில் ஒளிர்ச் சாயம் ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும் பொருள் அது. 1929-இல் ஜெர்மனியில் பவுல் கிரைஸ், குதிரைக் கொட்டை மரத்தின் சாற்றில் நனைத்த துணி வெள்ளையிலும் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துச் சொன்னதில் தொடங்கியது இந்தக் கதை. இன்று சலவைத் தூள்களில் பல இதைக் கொஞ்சம் கலந்துதான் வருகின்றன. சந்தேகம் இருந்தால் புற ஊதா விளக்குப் போட்ட கரோக்கே கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். பாடுகிறவர் சுமார்தான், சட்டை மட்டும் நட்சத்திரம். மாமியாரின் நீலக் கட்டிக்கும் விஞ்ஞானியின் ஒளிர்ச் சாயத்துக்கும் கொள்கை ஒன்றே: அழுக்கு இருக்கட்டும், கண்ணைச் சமாளி.

அப்படியானால் வெள்ளை என்பது துணியில் இல்லை. பக்கத்தில் நிற்பவரின் சட்டையில் இருக்கிறது. பெக்கான் நானாஸ் கோயிலில் எல்லாரும் ஒரே தண்ணீரில் துவைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது யார் வேட்டியும் பழுப்பு இல்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு மருமகன் வந்து நடுவில் நின்றால் போதும், அத்தனை பேரும் ஒரே நொடியில் மஞ்சளாகிவிடுவோம். தவறு முழுக்க அந்த மருமகனுடையது. நல்லவேளை, பள்ளி விடுமுறைக்கு வந்து மாமியார் வீட்டிலேயே தங்கினார் என்றால், திரும்பிப் போகும்போது அவரும் எங்களில் ஒருவராகத்தான் போவார்.

கல்யாணத்துக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் கோலாலம்பூர்க்காரர்கள். மண்டபத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது யாரோ கூடுதலாக ஒரு விளக்கைப் போட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் நாங்கள்: சிட்ரிக்கும் வெள்ளாவியும் கண்ட என் வேட்டி இளந்தந்தம், நீலத்தை விடாத பெரியப்பா வானம், அன்னாசியைத் தவிர எந்த வைத்தியத்துக்கும் சம்மதிக்காத மச்சான் அசல் ஜோசபைன். வீட்டுக்காரி என்னைப் பார்த்து, “பரவால்ல, நம்ம பக்கத்துல நீங்கதான் வெள்ளை” என்றாள். எங்கள் திருமண வாழ்க்கையில் கிடைத்த பெரிய சான்றிதழ்களில் அது ஒன்று.

படம் எடுக்க வந்த தம்பி கேமராவை வைத்துக்கொண்டு தடுமாறினார். மேடை விளக்கெல்லாம் ஒரு நிறம், கூரை விளக்கெல்லாம் இன்னொரு நிறம். எது வெள்ளை என்று கேமராவுக்கு முதலில் சொல்லித்தர வேண்டுமாம். சுற்றும்முற்றும் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் அப்போது சாப்பிடப் போயிருந்தார்கள். “அங்கிள், கொஞ்சம் வெளிச்சத்துல நில்லுங்க” என்று என் வேட்டிக்கு நேரே கேமராவைப் பிடித்து, இதுதான் வெள்ளை என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டார். கேமரா நல்ல மாணவன். சொன்னதை அப்படியே நம்பியது.

ஆல்பம் வந்தது. பெண் வீட்டார் நாங்கள் பாலில் குளித்தவர்களாக நிற்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் லேசான நீலத்தில், குளிரில் நடுங்குகிறவர்கள் போல இருக்கிறார்கள். சம்பந்தியம்மாள் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, கொஞ்சம் தயங்கி, என்ன சவுக்காரம் போடுகிறீர்கள் என்று விசாரித்தாராம்.

“நாங்க ஒண்ணும் பெருசா போடுறதில்லீங்க. எல்லாம் ஊருத் தண்ணி விசேஷம்” என்றிருக்கிறாள்.